டேவ் குரோல்: வன்னியில் ட்ரம்ஸ் பழகுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் கோயில் திருவிழா இசைக்குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் பள்ளிக்கூட பாண்டிலும் வாசிக்கிற பிள்ளைகளோடு ட்ரம்ஸ் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், பேச்சு எப்படியோ ஓர் ஆளிடம் போய் நிற்கும்: அமெரிக்க றொக் கலைஞர் டேவ் குரோல். யூடியூப் அவரைப் பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எல்லா இடத்துக்கும் கொண்டுவந்துவிட்டது. அடிக்கடி வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் தருகிறேன். இவை ஒரு வாத்தியக்காரனின் பதில்கள், ரசிகனின் பதில்கள் இல்லை. சில இடங்களில் அவரைக் குறையும் சொல்லியிருக்கிறேன்.

ஆள் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கோ.

1969 ஜனவரி 14 அன்று ஒஹாயோ மாநிலத்தின் வாரன் நகரில் பிறந்து வேர்ஜினியாவில் வளர்ந்தவர். நிர்வாணா குழுவில் ட்ரம்ஸ் வாசித்தார். பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவைத் தொடங்கி, அதில் கிற்றார் வாசித்துக்கொண்டு பாடுகிறார். இடையிடையே வேறு பல குழுக்களுக்கும் ட்ரம்ஸ் வாசித்திருக்கிறார். 'றொக் அண்ட் றோல் ஹோல் ஒஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் 2 தடவை இடம்பெற்றவர்: 2014இல் நிர்வாணாவோடு, 2021இல் ஃபூ ஃபைட்டர்ஸோடு.

எந்த வாத்தியாரிடம் பழகினவர்?

ட்ரம்ஸைப் பொறுத்தவரை தானாகப் பழகினவர். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் கையில் எடுத்தது கிற்றார்தான், ஏறக்குறைய 12 வயதில். வீட்டில் ட்ரம்ஸ் செட் இல்லை. அம்மா அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அதனால் பொடியன் அறையில் தலையணைகளை அடுக்கி, அணிவகுப்பு பாண்டில் பாவிக்கிற தடித்த ஸ்டிக்கால் பாட்டுகளோடு சேர்ந்து அடித்துப் பழகினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், இதுதான் எங்களுக்கு நேரே உதவக்கூடிய விசயம். இறுக்கிக் கட்டிய ஸ்னெயரில் (செட்டில் சுள்ளென்று கேட்கிற சின்ன ட்ரம்) அடித்தால் ஸ்டிக் தானாக எகிறித் திரும்பும், பாதி வேலையைத் தோலே செய்துவிடும். பஞ்சுத் தலையணையில் அடித்தால் ஸ்டிக் அப்படியே அமிழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதை மணிக்கட்டால் நீங்கள்தான் தூக்கவேண்டும். பாரமான ஸ்டிக் என்றால் இன்னும் கஷ்டம். சில மாதம் இப்படி அடித்தவனை உண்மையான செட்டுக்கு முன்னால் இருத்தினால் அவன் அடி இடி மாதிரி விழும். குரோலின் பலத்த அடிக்குப் பின்னால் இந்தத் தலையணைகள் இருக்கின்றன.

உங்கள் பள்ளிக்கூட பாண்டில் சைட் ட்ரம் அடிக்கிற ஸ்டிக்கும் தடித்ததுதான். ஒரு சோடி கிடைத்தால் போதும், தலையணை எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தலையணையில் மட்டுமே பழகினால் எகிறி வரும் ஸ்டிக்கைக் கட்டுப்படுத்துகிற நுட்பம் வராது. வாரத்தில் ஒரு நாளாவது தோலிலோ ரப்பர் தட்டிலோ அடியுங்கள். தோள் நோகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

நிர்வாணாதான் அவருடைய முதல் குழுவா?

இல்லை. அதற்கு முன்னால் வாஷிங்டன் பக்கத்துப் பங்க் (வேகமும் முரட்டுத்தனமுமான றொக்) குழுக்களில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. ஃப்றீக் பேபி என்ற குழுவில் கிற்றார். அது மிஷன் இம்பொசிபிள் என்று மாறியபோது ட்ரம்ஸ். அப்புறம் டெய்ன் பிறமேஜ். 1986இல், 17 வயதில், ஸ்க்றீம் என்ற குழுவுக்கு ட்ரம்ஸ்காரர் தேவைப்பட்டபோது வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிட்டார். அந்தக் குழுவோடு ஒரு வான் வண்டியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றினார். காசு ஒன்றும் பெரிதாக இல்லை. இன்றைக்கு நாங்கள் பார்க்கிற குரோல் அந்த வானுக்குள் உருவானவர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1990இல் சுற்றுப் பயணத்தின் நடுவில் பேஸ் கிற்றார்காரர் விலகிப்போக, மிச்சப் பேர் லொஸ் ஏஞ்சல்ஸில் கையில் காசில்லாமல் நின்றார்கள். மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஒஸ்போர்ன் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தார். அது நிர்வாணாவின் பேஸ்காரர் கிறிஸ்ட் நோவோசெலிக்கின் இலக்கம். அந்த வருடம் செப்டெம்பரில் குரோல் நிர்வாணாவுக்குள் வந்தார்.

நிர்வாணாவில் அவர் வாசிப்பில் அப்படி என்ன விசேசம்? எல்லாம் நேரான அடிதானே?

நேரான அடிதான். விசேசமே அதில்தான். 'நெவர்மைண்ட்' அல்பம் 1991 மே மாதத்தில் கலிபோர்னியாவில் சவுண்ட் சிற்றி என்ற ஸ்டுடியோவில் பதிவாகி, செப்டெம்பர் 24இல் வெளிவந்தது. 1992 ஜனவரியில் மைக்கல் ஜாக்சனின் அல்பத்தைக் கீழே தள்ளி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் முதற்பாட்டின் தொடக்கத்தைக் காதுக்குள் ஹெட்போனை வைத்துக் கேளுங்கள். கிற்றார் தனியாக ஒரு சுற்றுப் போகும். பிறகு ட்ரம்ஸ் உள்ளே விழும். இரண்டு கையும் ஸ்னெயரில் ஒரு மயிரிழை முன்பின்னாக இறங்கும், அதைத்தான் ஃபிளாம் என்கிறோம். இரண்டு அடி ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த அடியாகக் கேட்கும். இடைவெளிகளைக் காலால் அடிக்கிற பெரிய பேஸ் ட்ரம் நிரப்பும். அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளையும் அடிக்கலாம். ஆனால் அதே பாரத்தோடு, அதே இடைவெளியோடு அடித்துப் பாருங்கள், தெரியும்.

இந்த அடி எங்கிருந்து வந்தது என்றால், பங்கிலிருந்து இல்லை. கேப் பாண்ட், கேமியோ போன்ற, ஆட்டத்துக்கு வாசிக்கிற ஃபங்க் குழுக்களிலிருந்தும், டோனி தொம்சன் என்ற டிஸ்கோ கால ட்ரம்ஸ்காரரிடமிருந்தும் அந்த அல்பத்துக்கு நிறைய எடுத்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். அடியின் பாரத்துக்கு லெட் செப்பலின் குழுவின் ட்ரம்ஸ்காரர் ஜோன் பொனம் அவருக்கு வழிகாட்டி. ஆடவைக்கிற அடியை எடுத்து, பாறாங்கல் பாரத்தோடு இறக்கினார். 'பைலா அடி றொக்குக்கு உதவாது' என்று நினைக்கிற பொடியள் இதை இன்னொருக்கா வாசியுங்கோ.

இன்னொன்று. குரோலுக்கு முன்னால் நிர்வாணாவில் வாசித்தவர் சாட் சனிங். அல்பத்தில் கேட்கிற சில அடிகள், குறிப்பாக 'இன் புளூம்' பாட்டில் வருபவை, சாட் அமைத்தவை என்று 2014 கௌரவிப்பு மேடையில் குரோல் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். எங்கள் மேடைகளில் ஒருவன் போட்ட அடியை அடுத்தவன் தன்னுடையது என்று சொல்லித் திரிவதை எவ்வளவு பார்த்திருக்கிறோம்.

அந்தக் காலத்தில் வன்னியில் இதை யாராவது கேட்டிருப்பார்களா?

1991 என்றால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆடி மாதத்தில்தான் ஆனையிறவுச் சமர் தொடங்கியது. மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிக்குக் கரண்ட் எடுத்த காலம். அப்படி எடுத்த கரண்டில் முதலில் செய்தி, பிறகு மிச்சமிருந்தால் சினிமாப் பாட்டு. அமெரிக்காவின் சியற்றில் நகரப் பக்கத்துக் குழுவொன்றைத் தேடிக் கேட்க யாருக்கு வழி இருந்தது? அதனால் எங்கள் வயதுக்காரருக்கு நிர்வாணாவும் ஃபூ ஃபைட்டர்ஸும் ஒன்றாகவே, மிகவும் பிந்தி, கைபேசியில் வந்து சேர்ந்தன. வரலாறு எங்களுக்குக் கலைந்த வரிசையில் கிடைத்தது.

ட்ரம்ஸ்காரர் எப்படி ஒரேயடியாகக் கிற்றாருக்கும் பாட்டுக்கும் மாறினார்?

ஒரேயடியாக மாறவில்லை. நிர்வாணாவில் இருந்தபோதே தனியாகப் பாட்டு எழுதி, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். 1992இல் அப்படி ஒரு கசெற் 'லேற்' என்ற பெயரில் வெளியானது. அந்தக் கசெற்றில் இருந்த ஒரு பாட்டை 1993இல் நிர்வாணாவும் பதிவு செய்தது, பாடியவர் குரோல்தான். மற்றபடி, பாடகரும் பாட்டுகளை எழுதுகிறவருமான குர்ட் கோபேன் இருக்கிற குழுவில் தன் பாட்டை நீட்டக் கூச்சம்.

1994 ஏப்ரலில் கோபேன் இறந்தார். குரோலால் சில மாதங்கள் இசைப் பக்கமே போக முடியவில்லை. அந்த ஒக்டோபரில் சியற்றிலில் றொபேர்ட் லாங் ஸ்டுடியோவில் ஒரு கிழமை அளவில் ஒரு முழு அல்பத்தைப் பதிவு செய்தார். முதலில் ட்ரம்ஸ், அதன்மேல் கிற்றார், பேஸ், பிறகு குரல். ஒரு பாட்டில் வருகிற ஒரு கிற்றார்ப் பகுதி மட்டும் கிறெக் டுலி என்பவர் வாசித்தது, மிச்சம் முழுக்க ஒரே ஆள். தன் பெயர் முன்னுக்கு வரக்கூடாது என்று, குழு ஒன்று வாசித்தது போலத் தெரிய ஃபூ ஃபைட்டர்ஸ் என்று பெயர் வைத்தார். அல்பம் 1995 ஜூலை 4இல் வந்தது. இடையில் டொம் பெற்றியின் குழுவோடு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தார். அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டார். பெரிய ஆளுக்குப் பின்னால் கதிரை போட்டு இருப்பது எவ்வளவு சுகமான வேலை! அதை விட்டுவிட்டு ஒரு கசெற்றோடு புதிதாகத் தொடங்கினார்.

ஆனால் கேள்வியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் கிற்றாரை ட்ரம்ஸ் செட்டாகத்தான் பார்க்கிறார், இதையும் அவரே விளக்கியிருக்கிறார். கீழ்ச்சுருதித் தந்திகள் பேஸ் ட்ரம்மும் ஸ்னெயரும். மேல்தந்திகளை விட்டு அடித்தால் அது சிம்பல் (செட்டில் இருக்கிற வெண்கலத் தட்டு). ஃபூ ஃபைட்டர்ஸ் பாட்டுகளில் வலது கை தந்தியை வெட்டுகிற விதத்தைக் கவனியுங்கள், ராகக்காரனின் கை அப்படிப் போகாது. அவர் வாத்தியத்தை மாற்றினார், காதை மாற்றவில்லை. தாளம் பழகினவன் வேறு வாத்தியத்துக்குப் போகும்போது கையில் ஏற்கெனவே பாதி இருக்கிறது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதை வைத்துத்தான்.

ஃபூ ஃபைட்டர்ஸ் என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் விமானிகள் வானத்தில் கண்ட, என்னவென்று தெரியாத வெளிச்சங்களுக்கு வைத்த பெயர். யோசிக்காமல் வைத்துவிட்டேன் என்று குரோலே அலுத்துக்கொள்வார்.

தானே பெரிய ட்ரம்ஸ்காரர். அப்ப அவருடைய குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறவர் பாடு?

திண்டாட்டம்தான். முதலாவது ட்ரம்ஸ்காரர் வில்லியம் கோல்ட்ஸ்மித். 1997இல் வந்த இரண்டாவது அல்பத்துக்கு அவர் வாசித்துக் கொடுத்த பகுதிகளில் பெரும்பாலானவற்றை குரோல் திரும்பத் தானே வாசித்துப் பதிந்தார். கோல்ட்ஸ்மித் விலகினார். அல்பம் நன்றாக வந்தது என்பது உண்மை. ஆனாலும் செய்த விதம் சரியில்லை என்பது என் கருத்து. குழுத் தலைவர் உங்கள் ஸ்டிக்கை வாங்கி 'இப்பிடி அடி' என்று எல்லாருக்கும் முன்னால் காட்டினால் எப்படி இருக்கும்? இது அதைவிட மோசம்.

பிறகு வந்தவர் டெய்லர் ஹோக்கின்ஸ், பாடகி அலனிஸ் மொறிசெற்றின் குழுவிலிருந்து. அவர் குரோலைப் போல வாசிக்க முயலவில்லை. இலேசான கை, வேகம், நல்ல குரல். 25 வருடம் நின்றார். மேடையில் ஹோக்கின்ஸ் முன்னுக்கு வந்து பாட, குரோல் பின்னுக்குப் போய் ட்ரம்ஸில் இருப்பார், இருவரும் இடம் மாறுகிற அந்தச் சில நிமிடங்களைப் பார்க்கவே பலர் போவார்கள். 2022 மார்ச் 25 அன்று கொலம்பியாவில் சுற்றுப் பயணத்தில் இருந்தபோது ஹோக்கின்ஸ் இறந்தார். அந்த செப்டெம்பரில் லண்டன் வெம்பிளியில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் ஹோக்கின்ஸின் மகன், அப்போது பதின்ம வயதுப் பொடியன், அப்பாவின் இடத்தில் இருந்து ஒரு பாட்டுக்கு வாசித்தான். அதே வருடம் குரோலின் அம்மாவும் போய்விட்டார். 2023 ஜூனில் வந்த அல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தது குரோல். மேடைக்கு ஜொஷ் ஃபிறீஸ் வந்தார். 2025இல் அவர் போய் இலான் றூபின் வந்தார். வேடிக்கை என்னவென்றால் றூபின் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற குழுவிலிருந்து வந்தார், ஃபிறீஸ் நைன் இஞ்ச் நெய்ல்ஸுக்குப் போனார்.

வேறு எந்தக் குழுக்களில் ட்ரம்ஸ் வாசித்தார்?

குயின்ஸ் ஒஃப் த ஸ்டோன் ஏஜ் என்ற குழுவின் 2002 அல்பம்தான் என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த ட்ரம்ஸ் வாசிப்பு. அதில் ஒரு கிறுக்குத்தனம் செய்தார்கள்: ட்ரம்களையும் சிம்பல்களையும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். ட்ரம்ஸைப் பதியும்போது சிம்பல் இருக்கவேண்டிய இடத்தில் சத்தம் வராத தட்டு. பிறகு சிம்பல் மட்டும் தனியாக. வருடக்கணக்காகச் சேர்ந்து ஓடிப் பழகிய கைகளைப் பிரித்து வாசிப்பது எவ்வளவு பாடு என்று ஒருநாள் செய்து பாருங்கள்.

2003இல் கில்லிங் ஜோக், 2005இல் நைன் இஞ்ச் நெய்ல்ஸின் சில பாட்டுகள். 2004இல் புறோபொட் என்ற பெயரில், தான் சின்ன வயதில் கேட்ட மெற்றல் பாடகர்களை வைத்து ஓர் அல்பம், வாத்தியங்களில் பெரும்பாலானவை அவரே. 2009இல் தெம் குறூக்கட் வல்ச்சர்ஸ்: குயின்ஸ் ஒஃப் த ஸ்டோன் ஏஜின் பாடகர் ஜொஷ் ஹோமி, லெட் செப்பலினின் பேஸ்காரர் ஜோன் போல் ஜோன்ஸ், குரோல். பொனத்தை வைத்துப் பழகின பொடியன் கடைசியில் பொனத்தின் கூட்டாளியோடு வாசிக்கிறான்!

இரண்டு மூன்று குழுவில் வாசித்தால் துரோகி என்கிறார்களே?

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் சண்டையில் முடிந்த கேள்வி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் ஒரே இரவில் இரண்டு இடத்துக்கு முற்பணம் வாங்கி, ஓர் இடத்துக்குப் போகாமல் விட்டால் அது துரோகம், சந்தேகமே இல்லை. மற்றபடி பல குழுவில் வாசிப்பது பழக்கம். குரோலைப் பாருங்கள்: நிர்வாணாவில் பாட்டுக்கு அடங்கி அடிக்கிறார், 2002 அல்பத்தில் ஓடிப் பாய்ந்து அடிக்கிறார், 1993இல் நிர்வாணா மின்சாரக் கிற்றார்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சிக்கு வாசித்தபோது ஸ்டிக்குக்குப் பதிலாகப் பிறஷை எடுத்து மெல்லத் தடவுகிறார். குழுவுக்கு ஏற்ற கை. ஒரே குழுவில் கிடந்திருந்தால் இத்தனை கை அவருக்கு வந்திராது.

எங்களுக்கும் இது புதிதில்லை. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் என்ன செய்கிறார்? மத்தளம் அவர் கையில், பாட்டு அவர் வாயில், ஆட்டம் அவர் கண்ணில். தாளக்காரன்தான் முழுக் கூத்தையும் நடத்துகிறான். ட்ரம்ஸ்காரன் பின்னுக்கு இருக்கவேண்டியவன் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது இசைக்குழு மேடைகள்தான், கூத்துக் களரி இல்லை.

அவர் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவராம். நானும் விடலாமா?

விட்டவர்தான், ஸ்க்றீமோடு போவதற்காக. ஆசிரியையான அம்மாவே ஒத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு அங்கே ஏற்கெனவே அல்பங்கள் வெளியிட்ட குழுவில் இடம் இருந்தது, ஊருக்கு ஊர் சின்ன மண்டபங்கள் இருந்தன. உங்களுக்கு இங்கே திருவிழாக் காலம் முடிந்தால் வேலை இல்லை. சாதாரண தரம், உயர்தரம் இரண்டையும் எழுதுங்கள். தலையணை எங்கேயும் ஓடாது.

என்னிடம் ஒக்டோபாட் மட்டும்தான் இருக்கு. தவிலும் கொஞ்சம் தெரியும். போதுமா?

தொடங்கப் போதும். தவில் தெரிந்தவனுக்கு இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும்: ஒரு பக்கம் கூடு போட்ட விரல், மறுபக்கம் கழி. அது பெரிய சொத்து. ஒக்டோபாட் என்கிற இந்த மின்னணு ட்ரம்ஸ் பெட்டியில் குறை என்னவென்றால் கால் தூங்கிவிடும். 8 தட்டும் கைக்குள்ளேயே இருப்பதால் பேஸ் ட்ரம் சத்தத்தையும் கையால் தட்டிப் பழகிவிடுகிறார்கள். பிறகு உண்மையான செட்டில் இருந்தால் வலது கால் எங்கே வைப்பதென்று தெரியாது. பெடல் பொருத்தக்கூடிய ஒக்டோபாட் என்றால் முதலில் அந்தப் பெடலை வாங்குங்கள். இல்லாவிட்டால் தரையில் குதிக்காலைத் தூக்கித் தட்டிக்கொண்டாவது வாசியுங்கள்.

மேடையில் கால் உடைந்தும் வாசித்தாராமே?

உண்மை. 2015 ஜூனில் சுவீடனில் மேடையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிகழ்ச்சியை முடித்தார். பிறகு ஒரு சிம்மாசனம் செய்து அதில் இருந்து மிச்சப் பயணத்தை நடத்தினார். நீங்கள் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லா வாத்தியமும் ஒரே ஆள் வாசிக்கிற அந்த நீண்ட வீடியோ எது?

2018இல் வந்தது. 23 நிமிட வாத்திய இசை, 7 வாத்தியம், ஏழும் குரோல். ஒவ்வொரு வாத்தியத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும், இடையில் பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து. வீட்டில் இதைச் சின்னதாகச் செய்யலாம். கைபேசியில் பல தடங்களாகப் பதிவு செய்கிற இலவசச் செயலி ஒன்றை இறக்கி, ஒரு நிமிடத் தாளத்தைப் பதியுங்கள், அதன்மேல் கீபோட்டோ கிற்றாரோ வாசியுங்கள். உங்கள் தாளம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுபடுகிறது என்பதை வேறு எந்த வாத்தியாரும் இவ்வளவு கொடூரமாகக் காட்டமாட்டார்.

பெண் பிள்ளைகள் பழகலாமா?

இதென்ன கேள்வி? 2020இல் குரோலைக் காணொளியில் போட்டிக்கு அழைத்தவள் நந்தி புஷெல், இங்கிலாந்தில் வாழும் 10 வயதுச் சிறுமி. மாறி மாறி வாசித்தார்கள், குரோல் தோல்வியை ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸில் ஃபூ ஃபைட்டர்ஸ் மேடையில் அவள் ட்ரம்ஸ் வாசித்தாள்.

காதுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். தனக்குக் காதில் இரைச்சல் இருக்கிறது, முகக்கவசம் போட்டவர்கள் கதைத்தால் விளங்குவதில்லை, நீண்ட காலமாக உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்கிறேன் என்று 2022இல் குரோல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் சொன்னார். கோயில் வீதியில் இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டி அடுக்கி, அவற்றுக்கு நடுவில் விடிய விடிய இருக்கிற நீங்கள் அவரைவிடச் சின்ன சத்தத்தில் இல்லை. நுரைப் பஞ்சுக் காதடைப்பான் பெரிய விலை இல்லை. அதைப் போட்டுக்கொண்டு வாசித்தால் முதல் நாள் எல்லாம் தண்ணிக்குள் கேட்கிற மாதிரி இருக்கும், சில நாளில் பழகிவிடும். பெட்டிக்கு நேரே செட்டை வைக்காதீர்கள், ஒலிபெருக்கிக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, ஓர் ஆறடி பின்னுக்குத் தள்ளுங்கள்.